லீலண்ட் நன்றாகத்தான் இருக்கிறான்

என் மருமகன் லீலண்ட் துப்பாக்கிகளை விற்றுப் போதை மாத்திரை வாங்கிவிட்டான் என்று லூர்லீன் சொல்வது சுத்தப் பொய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் படியில் நின்று, கையில் பொரித்த கோழித் தட்டை வைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். என் காதுக்கு வந்ததும் ஓடையைத் தாண்டி அவள் வீட்டுக்கே போனேன். எனக்கு எண்பத்தொரு வயது, முட்டி இரண்டும் போய்விட்டன, ஆனாலும் போனேன்.

"ஏன்டி லூர்லீன், நீ பாத்தியா?"

"ரெண்டு கண்ணால பாத்தேன் ஓபல் அக்கா. உங்க மருமகன் அஞ்சு துப்பாக்கியையும் போர்வையில சுத்தி டிரக்ல ஏத்துனான். இந்த ஊர்ல எந்த ஆம்பள துப்பாக்கிய வீட்ட விட்டு வெளிய ஏத்துவான்? ஒண்ணு செத்திருக்கணும், இல்ல மாத்திரைக்கு அலையணும்."

"யாரோட டிரக்கு?"

"அது... ஹோபர்ட் பாஸ்டரோடது மாதிரிதான் இருந்துச்சு."

"பாஸ்டர் மாத்திரை விக்கிறாரா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"அப்ப என்ன சொன்ன?"

கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "சரி, மெக்சிகோவுக்கு எதுக்குப் போனான்? மீன் பிடிக்கவா?" என்றாள்.

லூர்லீன்மேல் எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. அவள் மகன் டுவெயின் முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் முடிந்தவன். எங்கள் ஓடைக் கரையில் அப்படி ஒரு பிள்ளையைப் புதைக்காத வீடு மூன்றோ நாலோதான். ஆகவே மருந்து என்று யாராவது சொன்னாலே அடுத்த சவப்பெட்டி யாருக்கு என்றுதான் எங்களுக்குத் தோன்றும். அவள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தன் பிள்ளையின் கதையை என் மருமகன்மேல் போர்த்த நான் விடமாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

லீலண்ட் ஸ்பர்லாக் இந்த ஓடையின் தலைமாட்டில் பிறந்தவன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரல் கறுத்து, மூச்சுக்கு ஏங்கியே செத்தவர். சுரங்கத்துக்குள் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணிவிட்டு இவன் இருபது வயதில் பட்டாளத்துக்குப் போனான். போகுமுன் என் மகள் ரெனீட்டாவைக் கட்டிக்கொண்டான். அப்போது அவன் வாய் ஓயாது. என் சமையலறையில் உட்கார்ந்து சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டுத் தின்றுகொண்டே, "அத்தை, உங்க பொண்ணு சமைக்கிறத நாய்க்கு வச்சேன், நாய் மன்னிப்புக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போச்சு" என்பான். ரெனீட்டா கரண்டியை எறிவாள். அந்த லீலண்டைத் தெரிந்தவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்துதான் பேசுகிறார்கள்.

ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு தடவை போனான். அங்கே அவன் வேலை சாலையில் புதைத்த குண்டுகளைத் தேடுவது. பெரிய இரும்பு வண்டியில் நாலு பேர் உட்கார்ந்து, மனிதன் நடக்கும் வேகத்தில், மற்ற வண்டிகளுக்கு முன்னால் போக வேண்டும். குண்டைக் கண்ணால் கண்டால் நல்லது. காணாவிட்டால் வண்டியே கண்டுபிடிக்கும். ஏழு தடவை வண்டியே கண்டுபிடித்தது. இவனுக்கு ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை. காதில் மணி அடிக்கும், வாந்தி வரும், மறுநாள் மறுபடி ஏறுவார்கள்.

திரும்பி வந்தவன் எங்கள் மலைச் சாலையிலும் அதே வேகத்தில்தான் ஓட்டினான். நடுச்சாலையில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பின்னால் நிலக்கரி லாரிகள் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டும். ஒரு தடவை யாரோ தவறவிட்ட தீவன மூட்டை சாலையில் கிடந்தது. லீலண்ட் டிரக்கைக் குறுக்கே நிறுத்தி, பள்ளிப் பேருந்தை மறித்து, பிள்ளைகளை எல்லாம் இறக்கி வயலுக்குள் படுக்கச் சொல்லிவிட்டான். ஷெரீஃப் வந்து மூட்டையை உதைத்துக் காட்டினார். மக்காச்சோளம் கொட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி அவன் மகள் ஜோசி. அவள் சிரிக்கவில்லை.

அதற்கு மறு வருஷம் ரெனீட்டா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒஹையோவுக்குப் போனாள். அவளை நான் குறை சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு வாரக் கடைசி ஜோசி இங்கே வரலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். லீலண்ட் என் கூரை ஒழுகுகிறது என்று சரிபண்ண வந்தான். சரிபண்ணி முடித்த பிறகும் இருந்தான். நானும் போ என்று சொல்லவில்லை. மகளோடு முடிந்தது மாமியாரோடு முடியவேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு எழுத்துத் தெரியாது. வருகிற கடிதத்தை அவன் படித்துச் சொல்வான். அவனுக்கு நான் சமைத்துப் போடுவேன்.

படைவீரர் ஆஸ்பத்திரி ஒன்பது புட்டி மாத்திரை கொடுத்திருந்தது. தூங்க ஒன்று, எழ ஒன்று, அந்த இரண்டும் சண்டை போடாமலிருக்க ஒன்று. அவற்றைத் தின்றுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பான். பெட்டி அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பான்.

இனி சொல்லப்போவது நான் யாரிடமும் சொல்லாதது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய செப்டம்பரில், மதியம், அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். அடுப்பில் பீன்ஸ் பொங்கி, பானை மூடி தரையில் விழுந்து டமார் என்றது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது. எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். அவ்வளவுதான். அவன் இரண்டு கையும் என் கழுத்தில். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது, ஆனால் அதில் நான் இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. பீன்ஸ் தீய்ந்த வாசனை வந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு விட்டான். விட்டுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை எழவே இல்லை.

"என்னைச் சுட்டுருங்க அத்தை" என்றான்.

"வாய மூடு. பானையத் தேய்" என்றேன்.

வேறென்ன சொல்ல? தேய்த்தான். அடுத்த ஞாயிறு அந்த வெயிலில் கழுத்து மூடிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். "அக்கா, வேர்க்கலையா?" என்று லூர்லீன் கேட்டாள். "எனக்கு ரத்தம் குளுந்துபோச்சு" என்றேன். அன்றிலிருந்து லீலண்ட் என் கைக்கு எட்டும் தூரத்தில் வருவதில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் வந்து எடுப்பான்.

புது மருந்து ஒன்று இருக்கிறதா என்று அவன் தேட ஆரம்பித்தது அந்த வாரம்தான். கூத்தடிக்க இல்லை. என் கழுத்துக்காக.

மூன்றரை மணி நேரம் ஓட்டிப் போகவேண்டிய ஓர் ஊரில் ஆராய்ச்சி ஒன்று நடந்தது. காளானிலிருந்து எடுத்த மருந்து. இரண்டே தடவை கொடுப்பார்களாம். கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, இரண்டு பேர் பக்கத்திலேயே காவலிருந்து, பிறகு மாதக்கணக்கில் பேசவைப்பார்களாம். சட்டம் அதைப் போதைப்பொருள் என்றுதான் சொல்கிறது. ஆராய்ச்சிக்குள் இருப்பவனுக்கு மட்டும் அது மருந்து. வெளியே நிற்பவன் தொட்டால் ஜெயில். அதற்குள் நுழைய அவன் ஒரு வருஷத்துக்கு மேல் வரிசையில் நின்றான்.

போன நவம்பரில்தான் கூப்பிட்டார்கள். முதல் நிபந்தனை, ஒன்பது மாத்திரையில் முக்கால்வாசியை விடவேண்டும். பழையது உடம்பிலிருந்து போனால்தான் புதியதைக் கொடுப்பார்கள். இரண்டாவது, அந்த வாரங்களில் வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது. லூர்லீன் பார்த்த போர்வை மூட்டை அதுதான். ஹோபர்ட் பாஸ்டர் வீட்டு அலமாரியில் இன்னும் பூட்டிக் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது, கூட இருக்கும் ஒருவர் அவனைப் பற்றி போனில் பதில் சொல்லவேண்டும். அந்த ஒருவர் நான்.

மாத்திரையை விட்ட பிறகு அவன் பட்டதைப் பார்த்தவள் நான். தலைக்குள் கரண்ட் அடிக்கிறது என்பான். வேர்வையில் ஸ்வெட்டர் நனையும். காலையில் மலை முகட்டுக்கு ஏறினால் பசித்தும் இறங்கமாட்டான். மூன்று வாரம் போயிற்று.

"முடியலன்னா நிறுத்திரு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான் அத்தை. உள்ள எடுத்துக்கிட்டாங்கன்னா இதெல்லாம் ஒண்ணுமில்ல."

அப்படி ஒரு நாள், பம்புக்கு வாஷர் வாங்க அவன் கடைக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. ஆராய்ச்சி நடக்கும் இடத்திலிருந்து மிஸ் கார்வர் என்று ஒரு பெண். தேன் ஒழுகும் குரல்.

"வணக்கம்மா. லீலண்டைப் பத்தி சில கேள்வி. போன மாசம் அவர் தூக்கத்துல கத்தி எழுந்தது உண்டா?"

இங்கே நான் ஒன்று சொல்லவேண்டும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது என் அப்பா மலைக்குப் பின்னால் சோளச் சாராயம் காய்ச்சினார். தொப்பி போட்ட அரசாங்க ஆள் வாசலில் வந்து நின்று, மிட்டாயை நீட்டி, "பாப்பா, அப்பா எங்க?" என்பான். அம்மா பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளுவாள். "தெரியாது. நல்லா இருக்காரு" என்பேன். இந்த மலையில் பிறந்த எல்லாருக்கும் அதுதான் முதல் பாடம். வெளியாள் தேனாகக் கேட்டால், நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை விடாதே. பிறகு சுரங்கக் கம்பெனிக்காரன் வந்து கேட்டான், கோர்ட்டுக்காரன் வந்து கேட்டான். பதில் மாறவே இல்லை.

அதோடு எனக்கு ஜோசியின் நினைப்பு. அப்பாவுக்கு வெறி வரும் என்று ஏதாவது காகிதத்தில் ஏறிவிட்டால், அந்த இரண்டு வாரக் கடைசியும் போய்விடும்.

"கொழந்த மாதிரி தூங்குவான்" என்றேன்.

"கோபத்துல யாரையாவது அடிக்க வந்தது?"

"லீலண்டா? ஈயக்கூட அடிக்கமாட்டான்."

"திடீர்னு சத்தம் கேட்டா பதறுவாரா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான் மிஸ். எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

போனை வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கேக்கூடச் சுட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். லீலண்ட் நானும் கேட்கட்டும் என்று போனை மேஜைமேல் வைத்தான். ரொம்பக் கஷ்டப்படுகிறவர்களைத்தான் எடுக்கிறார்களாம். அதற்கு ஒரு அளவு இருக்கிறதாம். வீட்டில் சொன்ன பதிலையும் சேர்த்துப் பார்த்தால் இவன் அந்த அளவுக்குக் கீழே இருக்கிறானாம். பட்டாளத்துக் காகிதத்திலும் குண்டு வெடித்ததாக ஒரு வரி இல்லையாம். "ஒருவகையில இது நல்ல சேதிதான், லீலண்ட்" என்றாள்.

அவன் போனை அணைத்தான்.

"அத்தை, அவங்க எப்ப பேசுனாங்க உங்ககிட்ட?"

சொன்னேன். சொன்னதை எல்லாம், ஈயைக்கூட விடாமல் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"நான் மட்டும் என்ன பண்ணேன்?" என்றான். "ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்து எறங்குனதும் ஒரு பெரிய ஹால்ல உக்காரவச்சாங்க. ஆளுக்கு ஒரு ஃபாரம். குண்டு வெடிச்சுதா, கெட்ட கனவு வருதா, சாகணும்னு தோணுதா. சார்ஜன்ட் மேஜைமேல ஏறி நின்னு சொன்னாரு, 'டேய், ஆமான்னு போட்டவன் இங்கயே ஆறு வாரம் டாக்டர் பாக்கணும். இல்லன்னு போட்டவன் இன்னைக்கு ராத்திரி வீட்ல.' ஜோசி பொறந்து பதினெட்டு நாள். அவளப் பாக்கவே இல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் இல்ல, இல்ல, இல்லன்னு போட்டேன். ஹால்ல ஒருத்தன்கூட ஆமான்னு போடல. எங்க வண்டியில இருந்து பத்து மீட்டர் போய் விழுந்த என் கூட்டாளி ரெண்டன்கூட."

மறுநாள் காலை நானே கார்வரைக் கூப்பிட்டேன். இலக்கம் மட்டும் எனக்குத் தெரியும். பொய் சொன்னேன் மிஸ், என்றேன். இரவில் அவன் கட்டிலை விட்டுக் குளியல்தொட்டிக்குள் பூட்ஸோடு படுப்பதைச் சொன்னேன். கழுத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அது எப்ப நடந்ததும்மா? கழுத்து?"

"ஒண்ணரை வருஷம் ஆகப்போவுது."

"அதுக்கப்புறம்?"

இந்தத் தடவை உண்மையே சொல்வது என்றுதானே கூப்பிட்டேன். இப்போது முடிந்த கிறிஸ்துமஸ் வாரத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு அவன் என்னைச் சுவரோடு தள்ளித் தன் உடம்பால் மூடிக்கொண்டதைச் சொன்னேன். காப்பாற்றத்தான் தள்ளினான், ஆனால் என் மணிக்கட்டு பிசகியது.

மறுபடி எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு, வீட்டில் இருப்பவருக்கு ஒரு வருஷத்துக்குள் காயம் பட்டிருந்தால் எடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது என்றாள். அவள் குரலில் இப்போது தேன் இல்லை, அழுகைதான் இருந்தது. அவளை நான் திட்டவில்லை. விதியை அவள் எழுதவில்லை. பொய் சொன்னபோதும் அவன் வெளியே. உண்மை சொன்னபோதும் அவன் வெளியே.

பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றால், படைவீரர் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க ஒன்பது வாரம் காத்திருக்கவேண்டும் என்றார்கள். லீலண்டுக்கும் அந்தப் புட்டிகளைத் தொட மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றான். சாப்பாடு குறைந்தது. ஜோசி வரவேண்டிய சனிக்கிழமை, ரெனீட்டாவைக் கூப்பிட்டு, வேண்டாம், அனுப்பாதே என்று அவனே சொன்னான். அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ரெண்டன் டெக்சாஸில் இருக்கிறான். அவன்தான் மெக்சிகோ சேதியைச் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் இடம். அங்கே கொடுக்கும் மருந்து ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஒரு வேர்ப்பட்டை. படைவீரர்களே ஒரு சங்கம் வைத்து ஆள் அனுப்புகிறார்கள். ஓர் இடம் காலியாகியிருந்தது. நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"தம்பி, என்கிட்ட பொய் சொல்லாத. நீ போனியா?"

"போனேம்மா. எட்டுப் பேர் போனோம். ஆறு பேர் இப்ப தூங்குறோம். ஒருத்தன் போன மாதிரியே வந்தான்."

"அது ஏழுதான ஆச்சு."

"ஒருத்தனுக்கு நெஞ்சு அங்கயே நின்னுருச்சும்மா. இப்ப மொதல்லயே நெஞ்சைப் பாத்துட்டுத்தான் குடுக்குறாங்க. ஆனா நிக்காதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"அவன் பேரு?"

"கோர்டெல்."

கோர்டெல். அவன் அம்மா எங்கே இருக்கிறாளோ.

மூன்று நாள் லீலண்டோடு மல்லுக்கட்டினேன். கெஞ்சினேன், திட்டினேன், சமைக்கமாட்டேன் என்றேன், பிறகு சமைத்தேன். நம்ம ஊரிலேயே இதைக் கொடுக்கும் நாள் வரும், பொறு என்றேன்.

"எப்ப அத்தை?"

"வரும்டா."

"நம்ம நாட்டு ரோட்டுல குண்டு தேட அனுப்பலையே அவங்க. அங்க போன்னு சொன்னாங்க, போனேன். இப்ப மருந்துக்கும் வேற நாட்டுக்குத்தான் போகணும். பழக்கம்தான்."

"அங்க நெஞ்சு நின்னா?"

"இங்க இருந்தா?" என்றான். என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தான். "அடுத்த தடவ கைய எடுப்பேனான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியவில்லை. மறுநாள் அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

விடியுமுன் கள்ளன் மாதிரி ஓடினான் என்கிறாள் லூர்லீன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனான். இன்றோடு ஒன்பது நாள். அங்கே பன்னிரண்டு நாள் போன் கையில் கொடுக்கமாட்டார்களாம். சேதி இன்னும் வரவில்லை, அதற்குள் முடிவு சொல்ல இவள் யார்?

அந்தக் காலை முட்டையும் கிரேவியும் பிஸ்கட் ரொட்டியும் பண்ணினேன், பாதி தின்றான். அந்த இடத்திலும் ஃபாரம் உண்டு. கூட இருப்பவர் என்ன பார்த்தார் என்று ஒரு முழுப் பக்கம்.

"நீங்க சொல்லுங்க அத்தை. நான் எழுதுறேன்."

"நீயேவா?"

"வேற யாரு இருக்கா?"

மேஜைக்கு அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். செப்டம்பர் மதியத்திலிருந்து ஆரம்பித்தேன். மெதுவாகச் சொன்னேன். அவன் ஒன்றையும் மாற்றவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. "அவன் இரண்டு கையும் என் கழுத்தில்" என்றபோது பேனா நின்றது. நானும் நின்றேன். "ம்" என்றான். மறுபடி சொன்னேன். எழுதினான். அவன் கண் என்னைப் பார்த்தது ஆனால் அதில் நான் இல்லை என்றேன். அதையும் எழுதினான். மணிக்கட்டு, குளியல்தொட்டி, தீவன மூட்டை. பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்குப் போயிற்று. கீழே அவன் காட்டிய இடத்தில் என் பெருக்கல் குறியைப் போட்டேன்.

"ஏதாவது விட்டுட்டமா?"

"இல்ல. எல்லாம் சொல்லியாச்சு."

ஹோபர்ட் பாஸ்டர் டிரக்கோடு வந்து, பையை எடுத்துக்கொண்டு போய் முன்னால் ஏறிக்கொண்டார். லீலண்ட் கோட்டைப் போட்டான். போட்டதும் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அப்படியே என் பக்கம் வந்தான். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, தன் நினைவோடு, கை எட்டும் தூரத்துக்குள். கையை வெளியே எடுக்காமல், தலையை மட்டும் குனிந்து கொடுத்தான். உச்சியில் முத்தம் கொடுத்தேன். முடியில் சோப்பு வாசனை.

"வரேன் அத்தை."

"ம்."

தோளாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காததால் கதவு சாத்தப்படாமலே நின்றது. பிப்ரவரிக் குளிர் சமையலறைவரை வந்தது. டிரக் சத்தம் ஓடை வளைவைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்த எனக்கு வெகுநேரம் ஆயிற்று.